மனநல ஆஸ்பத்திரி வளாகத்தை மறுசீரமைப்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரச திட்டமிடல் அலுவலகம் ஒன்றில் 26 வருடம் வரைபடம் கீறினேன். ஓய்வுபெற்ற பிறகு உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு பிளானுக்கோ அயல்வீட்டு மதில் பிரச்சினைக்கோதான் வருகிறார்கள். ஆனால் என் சித்தி பல வருடம் கொழும்புப் பக்கத்து மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தவர் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அதனால் மனநல வாட், ஆஸ்பத்திரிக் காணி என்று எங்கே பேச்சு எழுந்தாலும் அது கடைசியில் என் வீட்டு வாங்கில் வந்து குந்திவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஒரே பதிலைப் பல தரம் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது.

"திருகோணமலையில விசர் ஆஸ்பத்திரியே இல்லையே. பிறகு எந்தக் காணியைப் பற்றிக் கதைக்கிறீங்கள்?"

உண்மைதான். கொழும்புக்குப் பக்கத்து அங்கொடையில் இருக்கிற மாதிரி மதில் கட்டிய பெரிய மனநல ஆஸ்பத்திரி இங்கே இருந்ததில்லை. நோய் கடுமையானால் இரவு மெயில் ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்ததுதான் எங்கள் முந்திய தலைமுறையின் அனுபவம். சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைதான் ஒவ்வொரு மாவட்டத்திலும் பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே மனநோயாளரைத் தங்கவைத்துப் பார்க்கும் வாட் வேண்டும் என்று எழுதிவைத்தது.

அதனால் கேள்வி இரண்டாகிறது. பெரிய பழைய வளாகங்களை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் என்ன கட்டுவது? இரண்டும் ஒரே கணக்குக் கொப்பிதான். அங்கே ஒரு கட்டில் குறைய வேண்டுமென்றால் இங்கே ஒரு கட்டில் கூட வேண்டும். இங்கே இருக்கிற வாட்டைப் பெருப்பிப்பது, வேறு காணிக்கு மாற்றுவது என்று நாளைக்கு எந்தப் பேச்சு வந்தாலும் கீழே உள்ளவைதான் திரும்பவும் கேட்கப்படும்.

'விசர் ஆஸ்பத்திரி' என்று சொல்கிறவர்களை நான் திருத்துவதில்லை. சித்தியே அப்படித்தான் சொல்லுவார். கச்சேரிக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் மனநல ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள்.

"மறு அபிவிருத்தி எண்டா இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுறதுதானே?"

கொழும்புக்குப் போனால் சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஆர்கேட் கடைத்தொகுதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காதவர்கள் குறைவு. அந்த வெள்ளைக் கட்டடம் 1880களில் ஜாவத்தையில் மனநோயாளருக்காகக் கட்டியது. 1920களில் நோயாளிகளை அங்கொடைக்குக் கொண்டுபோனார்கள். கட்டடம் பிறகு கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகமாக இருந்தது, 2014இல் கடைத்தொகுதியாகத் திறந்தது. கட்டடம் அப்படியே நிற்கிறது, வேலைதான் மாறியிருக்கிறது. அதுவும் மறு அபிவிருத்திதான்.

ஆக, தீர்மானிக்க வேண்டியவை மூன்று. எந்தக் கட்டடம் நிற்கும், எந்த நிலம் வேறு பயனுக்குப் போகும், சிகிச்சை அதே இடத்தில் தொடருமா இல்லையா. திட்டக்காரர்கள் முதலாவதில் தொடங்குவார்கள், ஏனென்றால் அதற்கு அழகான படம் கீறலாம். நானும் அப்படிக் கீறியிருக்கிறேன். மூன்றாவதில்தான் தொடங்க வேண்டும். ஆர்கேட் கட்டடம் நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டது. ஆனால் அது முன்பு என்னவாக இருந்தது என்று உள்ளே வேலை செய்கிற பிள்ளையிடம் ஒருதரம் கேட்டேன். தெரியாது என்றார்.

"வேலை நடக்கேக்க உள்ளுக்க இருக்கிற நோயாளர் எங்க போவினம்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருப்பதுண்டு. இதைக் கேட்கிறவர்கள் அனேகமாகத் தாய்மார்தான். பதில் சுருக்கம்: முதலில் கட்டு, பிறகு ஆட்களை மாற்று, அதற்குப் பிறகு இடி. இந்த வரிசையைக் குழப்பினால் 'தற்காலிகமாக' என்று சொல்லி ஒரு களஞ்சிய அறையில் போட்ட கட்டில்கள் ஐந்து வருடம் அங்கேயே கிடக்கும். வரிசை சரியாக நடக்க வளாகத்துக்குள் ஒரு வெறும் துண்டு வேண்டும். ஆகவே முழுக் காணியையும் ஒரே நாளில் யாருக்கும் எழுதிக் கொடுக்கிற திட்டத்தில் ஏதோ பிழை இருக்கிறது.

சுவருக்கு அடுத்த பக்கம் கொங்கிறீற் உடைக்கிற சத்தம் எவருக்கும் கரைச்சல்தான். காதில் ஏற்கெனவே குரல் கேட்கிற ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். உடைக்கிற நேரம், லொறி வருகிற வழி, தூசி மறைப்பு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

உலகத்தில் இதை வரிசை பிசகாமல் செய்த ஊர் என்றால் இத்தாலியின் திரியெஸ்தேயைச் சொல்லலாம். அதுவும் எங்களைப்போல ஒரு துறைமுக ஊர் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. 1908இல் திறந்த அந்த ஊர் மனநல ஆஸ்பத்திரிக்கு 1971இல் பிராங்கோ பசாலியா என்ற மனநல வைத்தியர் பொறுப்பேற்றபோது உள்ளே ஏறக்குறைய 1,200 பேர். அவர் கட்டடத்தில் கை வைக்கவில்லை. கதவுகளைத் திறந்தார். நோயாளிகள் கூலி வாங்கி வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கம் உருவானது, ஊருக்குள் சிறு மனநல நிலையங்கள் திறந்தன. 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து ஒரு பெரிய நீலக் குதிரை செய்து தெருவுக்கு இழுத்து வந்தார்கள். அது கேற்றுக்குள்ளால் போக முடியாத உயரம், கேற்றை உடைத்துத்தான் குதிரையை வெளியே எடுத்தார்கள். 1978இல் இத்தாலி சட்டம் போட்டே பழைய மாதிரி ஆஸ்பத்திரிகளை மூடத் தொடங்கியது. இன்றைக்கு அந்த வளாகத்தில் பல்கலைக்கழகப் பிரிவுகள், சுகாதார அலுவலகங்கள், நாடக அரங்கு, ஆயிரக்கணக்கான ரோசாச் செடிகள். ஆட்களுக்கு முதலில் இடம் கிடைத்ததால்தான் கட்டடங்கள் காலியாகின.

"கன்னியாப் பக்கம் அமைதியான இடத்தில கட்டினா நல்லதுதானே? ஏன் டவுனுக்குள்ளயே கிடந்து நெரிபடுவான்?"

நல்ல மனசோடு கேட்கிற கேள்விதான். அமைதி நோயாளிக்கு நல்லது. ஆனால் மனநோயாளரில் பெரும்பாலானோர் தங்கியிருப்பவர்கள் இல்லை, கிளினிக்குக்கு வந்து போகிறவர்கள். சிலருக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு ஊசி. க்ளோசபின் குளிசை எடுக்கிறவருக்குத் தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளணு எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அந்த மருந்தே ஆபத்து. லித்தியம் எடுக்கிறவருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு மயக்க மருந்து வைத்தியர் வேண்டும். மனச்சோர்வு என்று வந்தவருக்குக் கடைசியில் தைரொயிட் கோளாறு என்று தெரியவருவதும் உண்டு. ஆய்வுகூடமும் மற்ற வைத்தியர்களும் பக்கத்தில் இல்லாமல் காட்டோரத்தில் ஒரு கட்டடம் மட்டும் நின்று என்ன செய்ய?

பஸ் கணக்கையும் பாருங்கள். புல்மோட்டையிலிருந்து டவுனுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். வெருகலிலிருந்து வருகிறவருக்கு ஏற்கெனவே அரை நாள் போகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்து நின்று கடந்த ஆட்கள் நாங்கள், ஒரு பஸ் கூடுதலாக ஏறுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். மூன்றாவது பஸ் ஏற வேண்டிய நாளில்தான் கிளினிக் தவறும். கிளினிக் இரண்டு தரம் தவறினால் மருந்து நிற்கும், பிறகு வாட்தான்.

அமைதி வேண்டும் என்றால் டவுனுக்குள்ளேயே மரமும் முற்றமும் வைத்து உண்டாக்கலாம். அது பற்றி இன்னும் கீழே.

"பக்கத்தில பள்ளிக்கூடம் கிடக்கு. மதில் இல்லாட்டி எங்கட பிள்ளையளுக்கு ஆர் பொறுப்பு?"

பயத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. ஆனால் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும்: மனநோயாளரில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குகிறவர்கள் இல்லை, மற்றவர்களால் ஏமாற்றப்படவும் அடிபடவும் கூடியவர்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கான வாட்டுக்குத் தனிக் கதவும் தனி உள்முற்றமும் வைக்கலாம். பத்துப் பேருக்காகப் பத்து ஏக்கரையும் சுற்றி மதில் கட்டுவது சோம்பேறித்தனமான வரைபடம்.

ரொறன்ரோவில் குயின் வீதி மேற்கில் இப்படி ஒரு வளாகம் உண்டு, 27 ஏக்கர். 1850இல் திறந்தது. சுற்றி நின்ற செங்கல் மதிலை நோயாளிகளே சம்பளமில்லாமல் கட்டினார்கள். பழைய பெரிய கட்டடத்தை 1976இல் இடித்துவிட்டார்கள். இந்த நூற்றாண்டில் வளாகத்தை மறுசீரமைத்தபோது பக்கத்து வீதிகளை உள்ளே நீட்டி, ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்கு நடுவிலேயே கடைகளும் சாதாரண வீடுகளும் வரவைத்தார்கள். மதிலின் மிச்சத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், கட்டியவர்களின் ஞாபகமாக. அங்கே இருக்கிற என் மருமகன் அதைத் தொட்டுப் பார்த்து போனில் படம் அனுப்பினான். செங்கல்லில் யாரோ கீறிய எழுத்துகள் தெரிந்தன.

"காணி ஆற்றை? ஆர் கையெழுத்து வைச்சாச் செல்லும்?"

மூன்று கடதாசி பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம், பிரதேச செயலகத்தின் காணிப் பதிவு, அந்தக் காணி எந்த நிறுவனத்துக்கு எந்தத் தேவைக்கு விடுவிக்கப்பட்டது என்ற கடிதம். மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். நான் வேலையில் இருந்தபோது ஓர் எல்லைக் கல்லைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். கடைசியில் அது ஒரு புளியமரத்தின் வேருக்குள் இருந்தது, வரைபடத்தில் காட்டிய இடத்திலிருந்து நாலு மீற்றர் தள்ளி.

அடுத்தது, ஆஸ்பத்திரி கொழும்பு அமைச்சின் கீழா மாகாணத்தின் கீழா என்பது. 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு போதனா ஆஸ்பத்திரிகளும் அங்கொடை போன்ற சிறப்பு நிறுவனங்களும் மத்தியில் நிற்க, மற்றவற்றில் பல மாகாணத்துக்குப் போயின. கட்டடத்துக்குப் பணம் ஒருவர், தாதிக்குச் சம்பளம் இன்னொருவர் என்று வந்தால் திறப்பு விழா நடக்கும், வாட் நடக்காது. 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரிக்கென்று ஆட்களிடமிருந்து எடுத்த காணியை வேறு தேவைக்குத் திருப்பினால் பழைய உரித்தாளரின் பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

இந்த ஊரில் ஓர் அளவைக் கல் நட்டால் மூன்று சமூகமும் மூன்று கதை சொல்லும். எல்லைப் படத்தை மூன்று மொழியிலும் கேற்றில் ஒட்டிவிடுவதுதான் மலிவான மருந்து.

"அனுமதி எத்தினை இடத்தில எடுக்கோணும்? எங்களுக்கு ஒண்டும் காட்டாமச் செய்துபோட்டா?"

நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த பகுதிக்குள் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதி வேண்டும், நடைமுறையில் உள்ளூராட்சி சபை ஊடாகப் போகும். கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் வரும். திருகோணமலை டவுனில் 300 மீற்றர் என்பது எவ்வளவு பேரைப் பிடிக்கும் என்று நடந்து பார்த்தால் தெரியும். கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணி என்றால் தொல்லியல் திணைக்களத்தின் மதிப்பீடு. திட்டம் பெரிதானால் 1980ஆம் ஆண்டுச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு அறிக்கை. அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லக் காலம் கொடுத்தே ஆக வேண்டும்.

காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று தீர்மானித்தாக வேண்டும். 'திட்டம் பற்றிய எல்லா விபரமும்' என்று கேட்காதீர்கள், ஒன்றும் வராது. 'இன்ன காணியின் அளவை வரைபடம், இன்ன கட்டடத்தின் செலவு மதிப்பீடு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

"பழைய கட்டடம் எண்டா தொல்பொருள்தானே, தொட ஏலாதெல்லோ?"

பழசெல்லாம் தொல்பொருள் ஆகாது. எங்கள் தொல்பொருள் சட்டத்தில் 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அந்தத் திகதிதான் முக்கியமான கோடு. அதற்கு முந்தியது என்றால் தானாகவே பாதுகாப்பு. பிரெட்ரிக் கோட்டைக்கு அது பொருந்தும். ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் அனேகமாகப் பிந்தியவை. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால் யாராவது வாய் திறந்து கேட்க வேண்டும்.

நான் கேட்பேன். உயரக் கூரை, அகல விறாந்தை, சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உள்ள வாட் ஒன்று கச்சான் காற்றுக் காலத்தில் எவ்வளவு குளிர்மை என்று உள்ளே நின்றவருக்குத் தெரியும். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் மட்டும் கவனம். உடைக்காமல், நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து விழுத்துகிற கொந்துராத்துக்காரரைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், அந்தத் தூள் சுவாசப்பைக்குப் போனால் திரும்பி வராது.

அடைத்து வைத்த அறைகளில் ஒன்றையாவது ஞாபகமாக வைத்திருக்க வேண்டும் என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். சித்தியிடம் ஒருநாள் கேட்டேன். "நீ வேணுமெண்டா உன்ர வீட்டில ஒண்டு கட்டி வைச்சுக்கொள்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"நாலு மாடி ஒண்டு போட்டு லிப்ற் வைச்சாப் போதாதோ?"

இருதய நோயாளிக்குப் போதும். மனநல வாட்டுக்குத் தரையோடு முற்றம் வேண்டும், குறைந்தது தங்கியிருப்பவர்களுக்காவது. உயரம் என்றால் யன்னலுக்குக் கம்பி, விறாந்தைக்கு வலை, கடைசியில் கட்டியது கூண்டு. முற்றத்தைச் சுற்றி ஒரு மாடியோ இரண்டோ, தாதி இருக்கிற இடத்திலிருந்து வழியெல்லாம் தெரிகிற மாதிரி. குழாய், கதவுப் பிடி, திரைச்சீலைக் கம்பி எல்லாம் கயிறு கட்ட இடம் கொடுக்காதவையாக இருக்க வேண்டும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, பொருள் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் மலிவானதை மாற்றிப் போடுவது எப்படி என்று தெரிந்த ஆட்கள் எங்கும் உண்டு.

வெயில் எங்கள் ஊரில் மருத்துவ விஷயம். லித்தியம் எடுக்கிறவருக்கு வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். மனநோய் மருந்துகள் சில உடம்பு சூட்டைத் தணிக்கிற சக்தியையே குறைக்கும். ஜூலை மாதம் கச்சான் அனலாக அடிக்கும்போது நிழலில்லாத கிளினிக் வரிசையில் அவர்களை நிறுத்துவது சிகிச்சைக்கு எதிரான வேலை. ஆகவே வேம்பும் புளியும் வாகையும் நிற்கிற இடத்தில் அவற்றை முதலில் வரைபடத்தில் குறி, பிறகு கட்டடத்தை அவற்றுக்கு இடையில் செருகு. குடிதண்ணீர்க் குழாய் வெளியில், வரிசை நிற்கிற இடத்தில். மான்கள் வந்து மரக்கன்றைத் தின்னும் என்பதால் முதல் மூன்று வருடம் கன்றுக்கு வேலி. இந்த ஊர் தெரியாத நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இந்த ஒன்றைத்தான் எப்போதும் மறப்பார்.

இன்னொன்று, துணைக்கு நிற்பவர். எங்கள் சனம் நோயாளியைத் தனியே விட்டுப் போகாது. தாயோ அக்காவோ கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பார். வரைபடத்தில் அவருக்கு ஒரு சதுர அடியும் இருக்காது. படுக்க, குளிக்க, துணி காய, சோறு சூடாக்க இடம் கீறுங்கள். மாற்றுத்திறனாளி அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இலிருந்து உண்டு, சாய்தளமும் மலசலகூடமும் அதன்படி.

கடலோரக் காணி என்றால் 2004 மார்கழிச் சுனாமியில் கிண்ணியா ஆஸ்பத்திரிக்கு நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதவு பூட்டிய வாட்டிலிருந்து ஆட்களை மேட்டுக்குக் கொண்டுபோக எத்தனை நிமிஷம், திறப்பு யாரிடம்?

"பாதிக் காணியை ஹோட்டலுக்குக் குடுத்தா அந்தக் காசில புது ஆஸ்பத்திரி கட்டலாமே?"

கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். லண்டனில் ஸ்பிரிங்பீல்ட் ஆஸ்பத்திரிக் காணியில் ஒரு பகுதியை வீடுகளுக்கு விற்று, அந்தப் பணத்தில் அதே வளாகத்தில் புது மனநல ஆஸ்பத்திரிக் கட்டடங்களைக் கட்டி, ஊருக்கு 32 ஏக்கர் பூங்காவும் கொடுத்தார்கள். அதே லண்டனில் ஃபிரையர்ன் ஆஸ்பத்திரி 1851இல் திறந்து 1993இல் மூடியது. அது இப்போது பணக்காரர்களின் அடுக்குமாடி வீடுகள். விலாசத்தைக்கூட மாற்றி மாளிகைப் பெயர் வைத்துவிட்டார்கள்.

வித்தியாசம் ஒரு வரியில் இருக்கிறது: காணிப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? அது திறைசேரியின் பொதுக் குளத்தில் விழுந்தால் உங்கள் வாட்டுக்கு ஒரு வாளிகூட வராது. தனிக் கணக்கு, மனநலச் சேவைக்கு மட்டும், ஒப்பந்தத்திலேயே எழுத்து. விற்பதைவிடக் குத்தகை நல்லது என்பது என் அபிப்பிராயம், விற்றால் ஒருதரம்தான். கட்டும் வரிசை முன்பு சொன்ன மாதிரியே, புது வாட் திறந்த பிறகுதான் ஹோட்டலுக்குச் சாவி.

"கனடாவில இருக்கிற எங்கட ஆக்கள் ஒரு கட்டடம் கட்டித் தாறம் எண்டினம். வேண்டாமெண்டு சொல்லுறதோ?"

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கட்டடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர்ப்பலகை மாட்டிய மண்டபங்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஒரு சமூக உதவியாளரின் ஐந்து வருடச் சம்பளம், வீடு வீடாகப் போக ஒரு மோட்டார் சைக்கிளும் பெற்றோலும், கிளினிக்குக்கு வருகிறவரின் பஸ் காசு. இவற்றுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால் பணம் சேர்ப்பது கஷ்டம்தான்.

"தோண்டேக்க எலும்பு வந்தா என்ன செய்யிறது?"

எங்கள் நாட்டில் இதைக் கேட்கிறவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே வேலை நிற்க வேண்டும், பொலிசுக்கு அறிவித்து நீதவானின் உத்தரவுப்படிதான் மேலே நடக்கும். கங்காணி மூடிவிட்டுப் போகலாம் என்று சொன்னால் நீங்கள் போகாதீர்கள்.

பழைய மனநல ஆஸ்பத்திரிகளுக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. யாரும் எடுத்துப்போக வராதவர்களை வளாகத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ரொறன்ரோவில் லேக்‌ஷோர் ஆஸ்பத்திரி 1979இல் மூடி, கட்டடங்கள் இன்று ஹம்பர் கல்லூரி வளாகம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் மயானத்தில் 1,500க்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெயர்க்கல் இல்லாமல். ஆகவே திட்டம் தொடங்க முன் இறப்புப் பதிவேட்டைத் தேடுங்கள். நோயாளர் கோப்புகளும் அப்படித்தான்: கட்டடம் காலியாகும்போது பழைய கடதாசிக் கடைக்குப் போகிற முதல் பொருள் அவைதான். அவற்றைப் பூட்டி ஒப்படைக்க ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும்.

"உள்ளுக்க ஒரு கோயில் கட்டலாமோ? இல்லாட்டி மற்றவை முந்தியிடுவினம்."

இந்தக் கேள்வி எனக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வந்திருக்கிறது, கிண்ணியாவில் ஒரு பெரியவரும் கேட்டார். மூவருக்கும் ஒரே பதில் சொன்னேன்: சிலை, மணி, ஒலிபெருக்கி எதுவும் இல்லாத ஓர் அமைதி அறையை முதல் வரைபடத்திலேயே கீறுங்கள். வெறுமையாக விட்ட மூலையில்தான் ஒரு சூலமோ அரசமரமோ பிறையோ ஒரு இரவில் முளைக்கும். மூவரும் என்னோடு கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

"கூட்டம் வைக்கினம் எண்டு கிராம சேவகர் சொன்னவர். போய் என்னத்தைக் கேக்கிறது?"

முதலில் கூட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். வேலை நாள் காலை பத்து மணிக்கு என்றால் கூலிக்குப் போகிறவர் வரமாட்டார். கிளினிக் நாளில் கிளினிக்கிலேயே வைத்தால் நோயாளிகளும் வீட்டாரும் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள். அவர்களைத் தவிர்த்துவிட்டு அயலவரை மட்டும் கூப்பிட்டால் மதில், வாகனத் தரிப்பிடம் இரண்டைப் பற்றித்தான் கூட்டம் முடியும்.

கேட்பதற்கு: இன்றைக்கு எத்தனை கட்டில், திட்டம் முடிந்தால் எத்தனை? வேலை நடக்கும் காலத்தில் எத்தனை? பணம் நின்றுபோனால் எந்தக் கட்டத்தில் நின்றாலும் வாட் இயங்குமா? கடைசிக் கேள்வி முக்கியம். 2022க்குப் பிறகு பாதியில் நின்ற கட்டடங்களைப் பார்க்க நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.

"எங்கட அக்கா இருவது வருசமா உள்ளுக்க. இடத்தை மூடினா எங்களிட்ட அனுப்பிவிடுவினமோ?"

இதை விறாந்தையில் யாரும் கேட்பதில்லை. மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு, கேற்றடியில் நின்று கேட்பார்கள்.

'எல்லோரையும் வீட்டுக்கு' என்று ஒரு திட்டத்தில் இருந்தால் அது திட்டமில்லை. திரியெஸ்தே பற்றிச் சொன்னதில் ஊருக்குள் நிலையங்கள் முதலில் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாமல் கதவை மட்டும் திறந்த நாடுகளில் ஆட்கள் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். எங்கள் நாட்டில் மனநோய்ச் சட்டத்தின் அடிப்படை இன்னும் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான், 1956இல் திருத்தி வைத்திருக்கிறார்கள். யாரை உள்ளே வைப்பது என்று அதில் விபரம் உண்டு, வெளியே வந்தவரை யார் பார்ப்பது என்பதற்கு அங்கே விடை தேடாதீர்கள். வீட்டுக்குப் போக முடியாதவருக்கு நாலைந்து பேர் சேர்ந்து இருக்கிற, ஓர் உதவியாளர் வந்துபோகிற வீடு வேண்டும். அந்த வீடுகளும் காணித் திட்டத்தின் பகுதிதான். வளாகத்தின் ஓரத்தில் இரண்டு துண்டு அதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் சித்தியை நாங்கள் கூட்டிவந்தோம். முதல் மாதம் முழுக்கப் பின்னேரம் ஐந்தரைக்குக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பார், வரிசையில் நிற்பதாக நினைத்து. அம்மா அவருக்குப் பின்னால் தானும் ஒரு கோப்பையோடு நிற்பார். அப்படித்தான் ஓடியது, பிறகு குறைந்தது. ஆனால் எங்களுக்கு அம்மா இருந்தார், நடந்து போகிற தூரத்தில் கிளினிக் இருந்தது. உங்களுக்கு அது இல்லை என்றால் 'இப்போது முடியாது' என்று எழுதிக் கொடுப்பதில் குற்றமில்லை. பின்னிரவில் தலை வெடிக்கிற மாதிரி இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.

கூட்டிவருவது என்று முடிவெடுத்தால், அனுப்புகிற கடிதத்தில் அடுத்த கிளினிக் திகதி, ஊசி போடுகிற இடம், வீட்டுக்கு வரப்போகிறவரின் பெயர் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த மேசையை விட்டு எழும்பாமல், எழுதித் தரும்வரைக்கும் இருங்கள்.